சனிக்கிழமை மூன்று மணி

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘கால்பந்து ஆடுகிறவனுக்கு ஆட்டத்தைவிட ஓய்வுதான் கஷ்டம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கடிதம் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: கோடிக்கணக்கில் சம்பாதித்துவிட்டு முப்பத்தைந்து வயதில் கால்மேல் கால் போட்டு உட்காரப் போகிறவனுக்கு என்ன சார் கஷ்டம்? எங்கள் அப்பா அறுபது வயது வரை ஹார்பரில் மூட்டை தூக்கினார். (வியாசர்பாடி வாசகர்)

உங்கள் அப்பா பெயரைச் சொன்ன பிறகு இதைப் பேச எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேளுங்கள்.

முதலில் அந்தக் கோடிக் கணக்கு. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72 கிளப், ஆக 92. நாம் ராத்திரி கண்விழித்துப் பார்ப்பது மேலே உள்ள இருபதை மட்டும்தான். கீழே ஆடுகிறவர்களில் நிறையப் பேர் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று காண்ட்ராக்ட் போட்டு ஓட்டுகிறவர்கள். காண்ட்ராக்ட் பொதுவாக ஜூன் 30-ல் முடியும். சீசன் முடிந்ததும் கிளப் ஒரு பட்டியல் வெளியிடும், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று. விடுகிற பக்கத்தில் உங்கள் பெயர் இருந்து, வயது முப்பத்து நாலும் ஆகி, ஆகஸ்ட் வரைக்கும் வேறு எந்தக் கிளப்பிலிருந்தும் போன் வரவில்லை என்றால் நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை யாரும் வந்து சொல்லக்கூட மாட்டார்கள். நம் ஊர் ஆபீஸில் ரிட்டயர் ஆகிறவருக்கு ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், கூடவே கொஞ்சம் மிக்சரும் ஸ்வீட்டும் உண்டே, அதுகூடக் கிடையாது. மைதானம் சுற்றிக் கையசைத்துக் கண்ணீரோடு விடைபெறுவதெல்லாம் நூற்றில் ஒருவருக்கு வாய்ப்பது.

டீன் விண்டாஸ் என்று ஒருவர். ஹல் நகரத்துக்காரர். பையனாக இருந்தபோதே ஹல் சிட்டி கிளப் வேண்டாம் என்று அனுப்பிவிட, கட்டட வேலைக்குப் போனார், உறைந்த பட்டாணியை பாக்கெட்டில் அடைக்கும் வேலைக்குப் போனார், அப்புறம் மறுபடி ஆட்டத்துக்குள் நுழைந்து ஊர் ஊராக ஆடினார். 2008 மே மாதம், 39 வயதில், வெம்ப்ளி மைதானத்தில் பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே ஒரு உதை உதைத்தார். அந்த ஒரு கோலில் ஹல் சிட்டி, அதன் 104 வருஷ வரலாற்றில் முதல்முறையாக நாட்டின் முதல் டிவிஷனுக்குப் போனது. பிறந்த ஊர், சொந்தக் கிளப், அந்த வயதில் அப்படி ஒரு கோல். சினிமாவில் வைத்தால் ‘ஓவர்’ என்போம். அடுத்த வருஷம் ஓய்வு. 2012-ல் அவரே வாய்திறந்து சொன்னார்: குடித்தேன், தினமும் அழுதேன், உயிரை விடவும் முயன்றேன் என்று. வெம்ப்ளி கோலுக்கும் அந்தப் பேட்டிக்கும் நடுவே நாலு வருஷம்கூட இல்லை.

என்னதான் ஆகிறது? இங்கிலாந்து அகாடமிகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தே பையன்களைப் பதிவுசெய்துகொள்வார்கள். அன்று முதல் அவன் என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு எடை இருக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் எல்லாம் வேறு யாரோ முடிவுசெய்வது. பெரிய கிளப்பில் துணி துவைத்து மடித்து அவன் இடத்தில் வைத்திருக்கும். வெளிநாட்டுக்கு ஆடப் போனால் பாஸ்போர்ட்கூடக் கிளப் ஆள் கையில். இப்படி இருபத்தைந்து வருஷம் வளர்ந்தவன் ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து, ‘இன்றைக்கு நான் எங்கே போக வேண்டும்?’ என்று யோசிக்கிறான். எங்கேயும் போக வேண்டாம். போன் அடிக்காது. டிரெஸ்ஸிங் ரூமில் கிண்டலடித்த இருபது பேரும் அதே பத்து மணிக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், இவன் இடத்தில் வேறொருவன் பூட்ஸ் மாட்டுகிறான்.

அந்த ஊரில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிதான் வழக்கமான ஆட்ட நேரம். இன்னொரு வேடிக்கை, அந்த நேரத்து ஆட்டங்களை அங்கே டிவியில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று பழைய விதி இருக்கிறது. மக்கள் மைதானத்துக்கு வராமல் போய்விடுவார்களாம். அதனால் ஓய்வு பெற்றவன் வீட்டில் உட்கார்ந்து தன் பழைய அணி ஆடுவதைப் பார்க்கக்கூட முடியாது. ஸ்கோரை மட்டும் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் இருந்தால் இந்த வலி குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது பணத்தால் வந்த வலி இல்லை. உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் எண் இன்னொன்று: ஆடிக்கொண்டிருந்தவர்களில் அது 38 சதவீதம். அதாவது ஓய்வுதான் நோயைக் கொண்டுவந்து கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆடும்போதே இருந்ததைச் சனிக்கிழமை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான் என்பது என் ஊகம்.

கேள்வி: பழைய காலத்து ஆட்டக்காரர்கள் இவ்வளவு புலம்பவில்லையே? 1966 உலகக்கோப்பை ஜெயித்த இங்கிலாந்து அணி என்ன ஆனது? (நாகர்கோவில் வாசகர்)

புலம்ப நேரமில்லை, வேலைக்குப் போனார்கள். கேள்விக்கு நன்றி, எனக்குப் பிடித்த கதை இது.

1961 ஜனவரி வரைக்கும் இங்கிலாந்தில் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று சட்டம்போல ஒரு உச்சவரம்பு இருந்தது. வீரர்கள் சங்கம் ஸ்டிரைக் செய்வோம் என்று மிரட்டித்தான் அதை உடைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் டாம் ஃபின்னி என்கிற மேதை, ப்ரெஸ்டன் கிளப்புக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிக்கொண்டே பிளம்பர் வேலையும் பார்த்தார். முதலில் தொழிலைக் கற்று முடி, அப்புறம் பந்து என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ‘ப்ரெஸ்டன் பிளம்பர்’ என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு ஓய்வு ஒரு பிரச்சினையே இல்லை. பூட்ஸைக் கழற்றினார், ஸ்பேனரை எடுத்தார்.

1966 ஆட்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். புகழ் இந்தக் காலத்துப் புகழ், சம்பளம் அந்தக் காலத்துச் சம்பளம். கோப்பை ஜெயித்ததற்கு ஆளுக்கு 1,000 பவுண்டு போனஸ். லெஃப்ட் பேக் ரே வில்சன் மாமனாரோடு சேர்ந்து இறுதிச்சடங்கு நடத்திக்கொடுக்கும் தொழிலுக்குப் போனார், ஹடர்ஸ்ஃபீல்டில். யோசித்துப் பாருங்கள், உங்கள் தாத்தா இறந்துவிட்டார், பெட்டியைத் தூக்க வந்திருக்கும் ஆள் உலகக்கோப்பை வென்றவர். ரோஜர் ஹன்ட் குடும்பத்து லாரி கம்பெனிக்குப் போனார். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட் இன்ஷூரன்ஸ் விற்றார். கேப்டன் பாபி மூருக்காவது ஒரு பெரிய கிளப் கதவைத் திறந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டி, சவுத்எண்ட் போன்ற சின்ன அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார், அப்புறம் ரேடியோவில் வர்ணனை. 1993-ல் புற்றுநோயில் போய்விட்டார், 51 வயது. புது வெம்ப்ளி வாசலில் 2007-ல் அவருக்கு ஆளுயரத்தைவிடப் பெரிய வெண்கலச் சிலை வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வேலை கொடுத்திருக்கலாம். (நமக்கு இது புதிதா என்ன!)

மெடல்கள்? ரைட் பேக் ஜார்ஜ் கோஹன் தன்னுடையதை 1998-ல் தன் பழைய கிளப் ஃபுல்ஹாமிடம் விற்றார். பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தில் குதித்த நாபி ஸ்டைல்ஸை ஞாபகம் இருக்கிறதா? அவர் 2010-ல் ஏலத்தில் விட, மான்செஸ்டர் யுனைடெட் சுமார் 1,60,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

ஆனால் எனக்கு இதில் மனசில் நிற்பவர் இறுதி ஆட்டத்தில் ஆடாதவர், ஜிம்மி கிரீவ்ஸ். இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்களில் 44 கோல். இன்றைக்கும் அந்தக் கணக்கைப் பார்த்தால் அச்சுப்பிழையோ என்று தோன்றும். அந்த உலகக்கோப்பையில் பிரான்ஸோடு ஆடும்போது காலில் வெட்டு விழுந்தது, தையல் போட்டார்கள், அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஹர்ஸ்ட். மீதியை நாடே பார்த்தது. கிரீவ்ஸ் 1971-ல், 31 வயதில் பெரிய ஆட்டத்தை விட்டார். அடுத்த சில வருஷங்கள் முழுக்கக் குடி. 1978-ல் நிறுத்தினார், அதோடு சரி, 2021-ல் சாகிற வரை தொடவில்லை. நிறுத்தியவர் எண்பதுகளில் டிவியில் ஒரு பழைய நண்பரோடு உட்கார்ந்து கால்பந்தைக் கிண்டலடித்தார், சனிக்கிழமை மதியம்தான் அந்த நிகழ்ச்சியும். அவர் கோல் அடித்ததைப் பார்த்திராத பிள்ளைகள்கூட அவரை டிவிக்காரராகவே தெரிந்துவைத்திருந்தார்கள். அந்தக் காலத்து விதிப்படி இறுதியில் ஆடிய பதினோரு பேருக்குத்தான் மெடல். மற்றவர்களுக்கு 2009-ல், 43 வருஷம் கழித்துக் கொடுத்தார்கள். கிரீவ்ஸ் அதை வாங்கி 2014-ல் 44,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

கேள்வி: தலையால் பந்தை முட்டி முட்டி மூளை கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா, வாட்ஸ்அப் வதந்தியா? (கோவை வாசகி)

வதந்தி இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்குப் பயமுறுத்தவும் வேண்டாம்.

ஜெஃப் ஆஸ்டில் என்று வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியனின் ராஜா. இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1968 இறுதியில் கூடுதல் நேரத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர். ஆடி முடித்ததும் ஜன்னல் துடைக்கும் கம்பெனி தொடங்கினார். அவருடைய விளம்பர வாசகம் ‘ஜெஃப் ஆஸ்டில் மூலைகளைத் தவற விடுவதில்லை’. கோல் மூலையும் கண்ணாடி மூலையும்! இப்படிச் சிரிக்கத் தெரிந்த மனுஷன் ஐம்பதுகளிலேயே ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். கடைசியில் தான் ஒரு கால்பந்து வீரன் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2002 ஜனவரியில் இறந்தார், 59 வயது. மரண விசாரணை அதிகாரி தீர்ப்பில் எழுதியது: தொழிலால் வந்த நோய். சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு நுரையீரல் போவதுபோல. அந்த வார்த்தைக்கு அப்புறமும் கால்பந்து நிர்வாகம் பன்னிரண்டு வருஷம் போல நெளிந்துகொண்டிருந்தது. 2014-ல் கிளாஸ்கோவின் மூளை நிபுணர் வில்லி ஸ்டூவர்ட் அவருடைய மூளையை மறுபடி ஆராய்ந்து, குத்துச்சண்டைக்காரர்களுக்கு வருகிற வகைச் சிதைவு அது என்று சொன்ன பிறகுதான் அசைந்தார்கள்.

அதே ஸ்டூவர்ட் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேருடைய மரணப் பதிவுகளை, அதே வயது, அதே வசதியுள்ள சுமார் 23,000 சாதாரண ஆட்களுடையதோடு ஒப்பிட்டார்கள். மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது வீரர்களிடம் மூன்றரை மடங்கு. அதே சமயம் இதய நோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் இறந்தவர்கள் அவர்களில் குறைவு. விளையாட்டு உடம்புக்கு நல்லதுதான், மூளைக்குத்தான் ஏதோ செய்கிறது. 2021-ல் அதையே இடம்வாரியாகப் பிரித்தார்கள். கோல்கீப்பர்களுக்குச் சாதாரண மக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை, கோல் விழாமல் தடுத்து ஆடும் டிஃபெண்டர்களுக்கு ஐந்து மடங்கு. யார் கையால் பிடிக்கிறான், யார் தலையால் முட்டுகிறான் என்று நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் ஊறிக் கனக்கும், இப்போது பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அன்றும் இன்றும் ஆட்டம் தொடங்கும்போது பந்தின் எடை ஏறக்குறைய அதேதான், 410-லிருந்து 450 கிராம். இன்றைய பந்து வேகமாக வருகிறது. அதனால் அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது, கிடையாது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை ஆடுகிறதென்றால் நீங்களும் அதையே செய்யலாம்.

1966 அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், ஜாக் சார்ல்ட்டன், பாபி சார்ல்ட்டன், ஐந்து பேருக்கு நினைவு போனது. முதல் பதிலில் சொன்ன டீன் விண்டாஸும் தனக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் தொடங்கிவிட்டது என்று 2025-ல் அறிவித்தார். அப்போது வயது 55.

கேள்வி: பாடிஸ்டூட்டா தன் காலை வெட்டச் சொன்னாராமே? (திருச்சி வாசகர்)

ஆமாம். மெஸ்ஸி வந்து முந்தும் வரை அர்ஜென்டினாவுக்கு அதிகக் கோல் அடித்தவர். 2005-ல் ஓய்வு பெற்றார். அதன்பின் ஒருநாள் விடிந்தபோது நடக்க முடியவில்லை. கணுக்காலில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. கழிப்பறை சில அடி தூரத்தில் இருந்தும், எழுந்தால் வலிக்குமே என்று படுக்கையிலேயே சிறுநீர் போனதை அவரே 2014-ல் ஒரு பேட்டியில் சொன்னார். டாக்டரிடம் போய், வலி தாங்கவில்லை, காலை எடுத்துவிடுங்கள் என்றாராம். டாக்டர் மறுத்துவிட்டார். அப்புறம் ஆபரேஷன்கள், 2019-ல் செயற்கைக் கணுக்கால். இப்போது நடக்கிறார்.

வலிக்கு ஊசி போட்டு இறக்கிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். லிவர்பூலில் ஆடிய டேனியல் ஆகர் 31 வயதில் விலகினார், அதன்பின் அளவுக்கு மீறி வலி மாத்திரை விழுங்கியதை வெளிப்படையாகச் சொன்னார். ஊசி போட்ட கிளப்புக்கு அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் போதும், கெட்டுப்போன கால் ஆடியவனோடுதான் வீட்டுக்குப் போகிறது.

கேள்வி: அவ்வளவு பணமும் எங்கே சார் போகிறது? சூதாட்டமா, பொண்ணா? (வேலூர் வாசகர்)

இரண்டும் உண்டு, அதைவிடச் சலிப்பான காரணமும் உண்டு: கையெழுத்து. இருபத்திரண்டு வயதுப் பையன், வாரச் சம்பளம் கொட்டுகிறது, கணக்கு தெரியாது. டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கோட்டுப் போட்ட ஆலோசகர் வருகிறார், சீனியர் ஒருவர் ‘நானும் போட்டிருக்கிறேன்’ என்கிறார், பையன் கையெழுத்துப் போடுகிறான். இங்கிலாந்தில் 2000-களில் சினிமா முதலீட்டுத் திட்டங்கள் என்று நிறைய வந்தன. கொஞ்சம் சொந்தக் காசு, நிறையக் கடன், இரண்டையும் சேர்த்துப் படத் தயாரிப்பில் போட்டு, நஷ்டக் கணக்குக் காட்டி வரிச்சலுகை வாங்குவது. வருஷங்கள் கழித்து வரித்துறை, இது செல்லாது, வாங்கிய சலுகையை வட்டியோடு திருப்பிக் கொடு என்று வந்து நின்றது. கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போது ஆள் ரிட்டயர் ஆகி, வருமானம் நின்று போயிருக்கும். அங்கேதான் உடைகிறார்கள்.

டேவிட் ஜேம்ஸ், இங்கிலாந்துக்கு 53 ஆட்டங்களில் கோல்கீப்பர், 2014-ல் திவால் ஆனார். சேர்த்துவைத்திருந்த சட்டைகளும் நினைவுப் பொருட்களும் ஏலத்துக்குப் போயின. அவர் விஷயத்தில் காரணம் விவாகரத்துச் செலவு என்று பேசப்பட்டது, அது அவர் வீட்டு விஷயம்.

கேள்வி: யாருமே நன்றாக இல்லையா? ஒரு நல்ல சேதியும் சொல்லுங்கள் அண்ணா. (கொழும்பு வாசகர்)

இருக்கிறார்கள் தம்பி, நிறைய. ஆர்யன் டி ஸேவ், விகன் கிளப்பின் கேப்டனாக இருந்தவர், நெதர்லாந்துக்குத் திரும்பிப் போலீஸ் துப்பறிவாளர் ஆனார். பிளாக்பர்ன் அணியோடு 1995-ல் லீக் வென்ற ஸ்டூவர்ட் ரிப்ளி சட்டம் படித்து வழக்கறிஞர். ஆர்சனலில் ஆடிய டேவிட் ஹில்லியர் தீயணைப்பு வீரர். மான்செஸ்டர் யுனைடெட்டில் தொடங்கிய ஃபிலிப் முல்ரைன் 2017-ல் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். ஸ்வீடனின் தாமஸ் ப்ரோலின் வேக்குவம் கிளீனர் முனை விற்றார். ஜார்ஜ் வேயா லைபீரியாவுக்கே ஜனாதிபதி, 2018 முதல் 2024 வரை.

இவர்களில் ஹில்லியரையும் பாதிரியாரையும் பாருங்கள். ஒருவருக்குத் தீயணைப்பு நிலையம், இன்னொருவருக்கு மடம். இரண்டிலும் மணி அடித்தால் எழ வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும், கூட நாலு பேர் இருப்பார்கள். டிரெஸ்ஸிங் ரூமை வேறு இடத்தில் தேடிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எல்லோரும் கோச் ஆகலாமே என்று கேட்காதீர்கள். 92 கிளப்புக்கு 92 மேனேஜர் நாற்காலிதான், அதிலும் வருஷத்துக்குப் பாதி நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: நம் ஊரில் பேங்க், ரயில்வே என்று வேலை கொடுத்துவிடுகிறோம். அதனால் இந்தப் பிரச்சினை நமக்கு இல்லை, சரிதானே? (அயனாவரம் வாசகர்)

பாதி சரி. பழைய இந்திய அணி வீரர் பி.கே. பானர்ஜி ரயில்வேயில் இருந்தார். சுனி கோஸ்வாமி ஸ்டேட் பேங்கில். சுனியின் கதை இன்னும் ரசமானது: 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கேப்டன், கிரிக்கெட்டும் ஆடினார், கால்பந்தை விட்ட பிறகு கேப்டனாக வங்காள அணியை 1971-72 ரஞ்சி இறுதிப் போட்டிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன் ஐ.எம். விஜயனுக்குக் கேரளப் போலீஸ் வேலை கொடுத்தது. சினிமாவிலும் நடித்தார், ‘திமிரு’ படத்தில் மிரட்டினாரே, அவர்தான். 2025-ல் பத்மஸ்ரீ. இந்த டிபார்ட்மென்ட் டீம் ஏற்பாட்டை நாம் ரொம்ப இளக்காரமாகப் பேசுகிறோம், ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவனுக்கு ஜூன் 30 பயம் இல்லை. இப்போதைய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) காலத்துப் பையன்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பத்து வருஷம் கழித்து இதைப் பற்றி நிறையப் பேசப் போகிறோம்.

மீதிப் பாதிக்குப் பெயர் வி.பி. சத்யன். விஜயனோடு கேரளப் போலீஸில் ஆடியவர், 1990, 1991 இரண்டு வருஷமும் ஃபெடரேஷன் கோப்பை வென்ற அணி அது. இந்திய கேப்டன், 1995-ல் நாட்டின் சிறந்த வீரர். அப்புறம் நம் சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை, பயிற்சியாளர் பொறுப்பு. காலில் பழைய காயம், விடாத வலி, மனச்சோர்வு. 2006 ஜூலையில் பல்லாவரத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 41 வயது. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, குடும்பம் இருந்தது. நாம் தினமும் மின்சார ரயிலில் தாண்டிப் போகிற ஊர், இந்திய கேப்டன் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அப்போது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இங்கிலாந்தில் ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ், தன் குடியிலிருந்து மீண்டவர், 2000-ல் விளையாட்டு வீரர்களுக்கென்றே ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்ற சிகிச்சை மையம் தொடங்கினார். ஆடுகிறவனுடைய பாஷை தெரிந்தவர்கள் நடத்துகிற இடம் அது. நம்மிடம் அப்படி ஒன்று எப்போதோ வந்திருக்க வேண்டும். இப்போதைக்கு, இதைப் படிக்கிற யாருக்காவது மனசு ரொம்பக் கனத்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலும் பேசுவார்கள், ஆடுகிறவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதிமூன்று வயது. படிப்பை விட்டுவிட்டு முழுநேரக் கால்பந்து அகாடமியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. விடலாமா? (தூத்துக்குடித் தாய்)

ஆட விடுங்கள் அம்மா. படிப்பை விட விடாதீர்கள். பிரேசில் கேப்டன் சாக்ரடீஸ் டாக்டருக்குப் படித்துக்கொண்டே ஆடியவர், 1982 உலகக்கோப்பை ஆடும்போது மருத்துவப் பட்டம் கையில் இருந்தது. அதனால் அவர் பாஸ் ஒன்றும் கோணலாகப் போகவில்லை. ஃபின்னியின் அப்பா சொன்னதையும் வேண்டுமானால் பையனிடம் சொல்லிப் பாருங்கள், பிளம்பர் வேலைக்கு நம் ஊரிலும் நல்ல கிராக்கிதான்.

அகாடமிக்குப் போனால் கோச்சிடம், ‘என் பையன் பெரிய ஆளாக வருவானா?’ என்று கேட்காதீர்கள். எல்லாக் கோச்சும் வருவான் என்றுதான் சொல்வார். ‘போன வருஷம் நீங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?’ என்று கேளுங்கள். நாலு பெயராவது சொல்லத் தெரிந்தால் சேர்த்துவிடுங்கள். ஃபீஸ் எவ்வளவு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.